ஊர்க் கணக்கை ஊரில் படியுங்கள்!

(வாலாஜாபாத்தில் நடந்த மாலைக் கூட்டத்தில் பேசியதன் சாரம். பொது சுகாதாரம் படிக்கும் மாணாக்கர் சிலரும், சுற்றுக் கிராமத் தோழர்களும், ஒரகடம் பக்கத் தொழிலாளிகளும் வந்திருந்தார்கள்.)



இன்று நம்மைப் பேசச் சொன்ன விஷயம், பொது சுகாதாரம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஊர்ப் பொதுக்காரியத்தில் என்ன வேலை, படிக்கும் இடத்தில் அதற்கு என்ன வசதி என்பதாகும். இதைப்பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்கலாம். நாம் டாக்டரல்ல, காலேஜ் வாசற்படி மிதித்ததுமில்லை. ஆனால் கெட்ட தண்ணீரைக் குடிக்கிறவன் எவனோ, அவனுக்குத் தண்ணீரைப் பற்றிப் பேச யோக்கியதை உண்டு என்பது நமது அபிப்பிராயம். அந்த யோக்கியதை இந்தக் கூட்டத்தில் நம்மைப் போலவே அநேகருக்கு இருக்கிறது.

வைத்தியம் வேறு, பொது சுகாதாரம் வேறு. வியாதி வந்தவன் ஆஸ்பத்திரிக்குப் போகிறான். டாக்டர் அவன் ஒருவனைப் பார்க்கிறார். அவன் தெருவில் இருபது பேருக்கு ஒரே வாரத்தில் ஏன் பேதி வந்தது என்று தேடிப் புறப்படுவது பொது சுகாதாரம். முன்னதற்கு மருந்து வேண்டும். பின்னதற்கு ‘ஏன்?’ என்ற கேள்வி வேண்டும். ‘ஏன்?’ என்று கேட்பதுதானே நமது இயக்கத்தின் வேலை! ஆகவே இந்தப் பிள்ளைகள் நம்மவர்கள் என்று உரிமை கொண்டாடவே இங்கு வந்தோம்.

நமது பாட்டன்மார் காலத்தில் வைசூரிக்கு வியாதி என்று பெயர் கிடையாது. ‘ஆத்தாள் வந்திருக்கிறாள்’ என்பார்கள். ஆத்தாளுக்கு மருந்து கொடுக்கலாமா? ஆகவே வேப்பிலை சொருகி, கூழ் ஊற்றி, மஞ்சள் நீர் தெளித்துப் பிள்ளைகளைச் சாகவிட்டார்கள். பிழைத்தவன் கண்ணை இழந்தான், அல்லது முகத்தை இழந்தான். இந்த நாட்டில் அந்த வைசூரி 1975-ம் வருஷம் மே மாதத்தோடு முடிந்துவிட்டது. உலகத்தையே விட்டொழிந்தது என்று 1980-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. அப்படியானால் ஆத்தாள் எங்கே போனாள்? கோபம் தணிந்துவிட்டதா? ஆடி மாதக் கூழ் அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. ஒலிபெருக்கி ஒன்றுதான் கூடியிருக்கிறது. ஆத்தாளைத் துரத்தியவன் சாதாரண அம்மைக்குத்தும் சிப்பந்தி. வீடு வீடாகப் போய், ‘யாருக்காவது கொப்புளம் கண்டிருக்கிறதா?’ என்று கேட்டு, கண்ட இடத்தைச் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் ஊசி போட்டான். அவனுக்குக் கோயிலும் இல்லை, திருவிழாவும் இல்லை.

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். கொரோனா வந்தபோது, 2020 மார்ச்சில், இந்த நாட்டின் தலைநகராகிய டில்லியில் பந்தல் போட்டு மாட்டு மூத்திரம் குடித்துக் காட்டினார்கள். விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது, அதை எதிர்க்கும் சாமான்களும் கூடவே வளர்கின்றன.

நிற்க. கணக்கெடுப்பதும் அதை ஊரார் முன் வைப்பதும் எப்படி ஒரே காரியமாக இருக்கவேண்டும் என்பதற்கு மாணாக்கர்கள் பாடத்தில் படிக்கும் கதை ஒன்றையே சொல்லுகிறோம். மற்றத் தோழர்களும் கேட்கவேண்டும். 1854-ல் லண்டன் சோஹோ பகுதியில் காலரா வந்து, பத்து நாளில் 500 பேருக்கு மேல் செத்தார்கள். கெட்ட காற்றினால் வருகிறது என்பதுதான் அன்றைய படித்தவர்களின் சித்தாந்தம். ஜான் ஸ்னோ என்ற டாக்டர் வேறுவிதமாக நினைத்தார். செத்தவர்களின் வீட்டு முகவரியை வாங்கி, ஒவ்வொரு வீடாகப் போய், ‘தண்ணீர் எங்கே எடுத்தீர்கள்?’ என்று கேட்டார். பிராட் தெருக் குழாய்க் கிணறு என்று பதில் வந்துகொண்டே இருந்தது. அவர் அந்தக் கணக்கைக் கட்டிவைத்து, பட்டத்திற்கு எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடவில்லை. அந்தப் பேட்டையின் கமிட்டியார் கூடியிருந்த இடத்திற்கே போய் விஷயத்தைச் சொன்னார். அவர்களுக்கு முழு நம்பிக்கை ஏற்படவில்லை; ஆனாலும் மறுநாள் குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள்.

இன்னும் வேடிக்கை, ஸ்னோ சொல்லுவது தப்பு என்று காட்டவேண்டுமென்று அந்தப் பேட்டைப் பாதிரியார் ஹென்றி ஒயிட்ஹெட் என்பவர் புறப்பட்டார். அவரும் வீடு வீடாகத்தான் போனார். போகப் போக ஸ்னோ சொன்னதே சரி என்று தெரிந்தது, தெரிந்தவுடன் ஒப்புக்கொண்டார். நோய்ப்பட்ட ஒரு குழந்தையின் துணி அலசிய நீர், கிணற்றுக்கு அருகிலிருந்த மலக்குழியில் போய்ச் சேர்ந்ததையும் அவரே கண்டுபிடித்தார். பாதிரியார்களில் இப்படிப்பட்டவரும் ஒருவர் இருந்தார் என்று சொல்லிவிடுவது நியாயம். அதுபோலவே, கைப்பிடி கழற்றுவதற்கு முன்பே வியாதி தணியத் துவங்கியிருந்தது என்று ஸ்னோவே எழுதி வைத்தார். தனக்குப் பாதகமானதையும் சேர்த்துச் சொல்லுகிறவன் பகுத்தறிவுக்காரன். மழை பெய்தால் தன் யாகம், பெய்யாவிட்டால் உன் பாவம் என்று சொல்லுகிறவன் புரோகிதன்.

நமது நாட்டுக்கு வருவோம். சென்னை மாகாணத்தில்தான் இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது சுகாதாரத்திற்கென்று ஒரு சட்டம், 1939-ல், ஏற்பட்டது. வைத்தியத்திற்கு வேறு, பொது சுகாதாரத்திற்கு வேறு என்று தனி இலாகா வைத்து நடத்துவது இங்கு வெகு காலமான வழக்கம். 2004 சுனாமியில் கடற்கரை ஜில்லாக்களில் ஆயிரக்கணக்கில் செத்தும், பின்னால் கொள்ளை நோய் வராமல் தடுத்ததற்கு இந்த ஏற்பாடே காரணம் என்று வெளியாரும் எழுதியிருக்கிறார்கள்.

நமது இயக்கத்திற்கு முன்னோடியான நீதிக்கட்சியைக் கட்டியவர்களில் இருவர் டாக்டர்கள் என்பதை மாணாக்கர்கள் கவனிக்கவேண்டும். டாக்டர் நடேசனார் திருவல்லிக்கேணியில் வைத்தியம் பார்த்ததோடு நிற்காமல், வெளியூரிலிருந்து படிக்க வந்து சோற்றுக்கும் இடத்துக்கும் திண்டாடிய பார்ப்பனரல்லாத பிள்ளைகளுக்கு 1916-ல் விடுதி நடத்தினார். டாக்டர் டி.எம். நாயர் சென்னை நகரசபையில் பல வருஷம் அங்கத்தினர். 1908-ல் தொழிற்சாலைக் கமிஷனில் உட்கார்ந்து, வயது வந்த ஆண் தொழிலாளிக்கும் வேலை நேரத்திற்குச் சட்டப்படி வரம்பு வேண்டும் என்று, மற்றவர்களோடு ஒத்துப்போகாமல் தனி அறிக்கை எழுதினார். டாக்டர் முத்துலட்சுமி 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி, 1927-ல் சட்டசபைக்குள் போய், பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். இவர்களெல்லாம் ‘நான் படித்தது வைத்தியம், எனக்கெதற்கு ஊர்வம்பு?’ என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இப்பொழுது நமது வாசற்படிக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையில் எவ்வளவு தொழிற்சாலைகள்! கார் இங்கே, கைபேசி இங்கே, டயர் இங்கே. பல ஜில்லாக்களிலிருந்தும் பெண் பிள்ளைகள் வந்து விடுதிகளில் தங்கி வேலை செய்கிறார்கள். 2021 டிசம்பரில் என்ன நடந்தது? ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு நஞ்சாகி 250 பேருக்கு மேல் நோயுற்றார்கள். 159 பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். ‘எங்கள் தோழிகள் எங்கே, என்ன ஆனார்கள்?’ என்று கேட்டு, பெண்கள் சென்னை–பெங்களூர் ரஸ்தாவில் உட்கார்ந்தார்கள். பிறகுதான் அறையில் எத்தனை பேர், தரையில் படுக்கையா, கக்கூசில் தண்ணீர் வருகிறதா என்றெல்லாம் உலகம் விசாரித்தது. தொழிற்சாலை சில வாரம் மூடிக்கிடந்து, 2022 ஜனவரியில்தான் திறந்தது.

அந்த விடுதி பூந்தமல்லிப் பக்கத்தில் இருந்தது. சுகாதார இன்ஸ்பெக்டர்களுக்கும் கிராம சுகாதார நர்ஸுகளுக்கும் பாடம் சொல்லிக் கொடுக்கும் சர்க்கார் ஸ்தாபனம் இருப்பதும் அதே பூந்தமல்லியில்தான். அந்த ஸ்தாபனத்தைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. தனியார் விடுதிக்குள் நுழைவது பள்ளிக்கூடத்தின் வேலையல்ல. ஆனால் பாடமும் வியாதியும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லையே என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. சட்டம் இல்லையா? 1939 சட்டத்திலேயே ஜனங்கள் தங்கும் விடுதிகளுக்கென்று தனி அத்தியாயம் இருக்கிறது. பெண்கள் விடுதிகளுக்கு 2014-ல் தனிச் சட்டமே வந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும்படி சர்க்கார் பெரிய கட்டடங்களைக் கட்டித் திறந்தது. மெத்த நல்ல காரியம். ஆனால் சுவர் சுகாதாரமாகாது. ஆயிரம் பேருக்கு ஒரே தடவையாகச் சமைத்து, அது ஆறி வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால், அதற்குள் கிருமி பெருகத்தான் செய்யும். புதுக் கட்டடம் என்று கிருமிக்குத் தெரியாது. சோறு வடித்தது எத்தனை மணிக்கு, கடைசி ஷிப்டுப் பெண் சாப்பிட்டது எத்தனை மணிக்கு என்ற இரண்டு கேள்வியைக் கேட்டுக் குறித்துக்கொள்ள எம்.பி.பி.எஸ். வேண்டியதில்லை. அந்தப் பெண்களே குறிக்கலாம். எப்படிக் குறிப்பது, எதனோடு ஒப்பிடுவது என்று சொல்லிக்கொடுக்க ஒரு மாணாக்கர் வேண்டும்.

மாணாக்கர்களை ஊருக்குள் கொண்டுவராமலில்லை. கொண்டுவந்து என்ன செய்யச் சொல்லுகிறார்கள் என்பதுதான் கேள்வி. நாட்டு நலப்பணித் திட்டம் என்று 1969 முதல் நடக்கிறது. வருஷத்திற்கு 120 மணி நேரம், அதைத் தவிர ஏழு நாள் முகாம். ஏழு நாள் என்பது சாமானியமா? ஆனால் பல ஊர்களில் நாம் பார்த்தது என்ன? முதல் நாள் பிரமுகர் பேச்சு. இரண்டாம் நாள் கோயில் பிரகாரம் கூட்டுதல். சாமியின் வீடு அழுக்கானால் சாமி பார்த்துக்கொள்ளட்டும், பள்ளிக்கூடக் கக்கூஸைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? மூன்றாம் நாள் விழிப்புணர்ச்சி ஊர்வலம். ‘கையைக் கழுவு’ என்று அட்டை பிடித்துக்கொண்டு, குழாயில் தண்ணீரே வராத தெரு வழியாகப் போகிறார்கள்! அந்தத் தெருப் பெண் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துச் சிரிக்கிறாள். அவளுக்கு இல்லாதது விழிப்புணர்ச்சியல்ல, தண்ணீர்.

மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் குடும்பத்தைத் ‘தத்து’ எடுப்பது என்று ஒரு பாடம் 2022 முதல் வந்திருக்கிறது. ஒவ்வொரு மாணாக்கரும் கிராமத்தில் சில குடும்பங்களை எடுத்துக்கொண்டு, படிப்புக் காலத்தில் அடிக்கடி போய்ப் பார்க்கவேண்டும். ஏற்பாட்டை நாம் வரவேற்கிறோம், பெயரைத்தான் ஒப்பமாட்டோம். தத்து என்றால் யாருமற்ற பிள்ளையை எடுத்து வளர்ப்பது. ஐம்பது வயதுக் குடியானவனைப் பதினெட்டு வயதுப் பையன் தத்தெடுப்பதாவது! அவன் அங்கே மாணாக்கன். குடும்பம்தான் அவனுக்கு வாத்தியார். 2021 ஆகஸ்டு முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று வீடு தேடி ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப் போகும் பெண்கள் இருக்கிறார்களே, அந்தந்த ஊர்ப் பெண்கள், அவர்களில் ஒருவர் பின்னால் பத்து நாள் பை தூக்கிக்கொண்டு போனால், புஸ்தகத்தில் இல்லாத பாடம் கிடைக்கும்.

இந்தத் தத்து விஷயத்தில் இன்னொன்றும் கேட்கவேண்டும். எந்தத் தெருக் குடும்பம்? பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்துத் தெருவோடு திரும்பிவிடுகிறார்களா, காலனி வரை போகிறார்களா? காரணத்தோடுதான் கேட்கிறோம்.

மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலக்கிறார்கள். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது அது மிச்சம் நிற்கவேண்டும் என்பது கணக்கு. சிறு குப்பியில் நீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் காட்டும்; நிறத்தைப் பார்த்து அளவு சொல்லலாம். பிள்ளைகூடச் செய்யலாம். தொட்டிக்குக் கீழே இருக்கும் வீட்டில் நல்ல மஞ்சள் காட்டும். குழாய் போகப் போக அழுக்கோடு சேர்ந்து குளோரின் செலவாகிவிடும். சாக்கடைக்குள் ஓடும் குழாயில் ஓட்டையிருந்தால் சீக்கிரமே செலவாகிவிடும். கடைசித் தெருவுக்கு வரும்போது நிறமே காட்டாமற் போகலாம். அந்தக் கடைசித் தெரு யாருடைய தெரு என்று தமிழ்நாட்டில் பிறந்த எவனுக்கும் நாம் சொல்லவேண்டியதில்லை. மனுதர்மம் ஏட்டில் மட்டும் எழுதியிருக்கிறது என்று நினைக்காதீர்கள். நமது ஊர்களில் அதைக் குழாய் போட்டும் எழுதியிருக்கிறார்கள்.

புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயல் ஞாபகமிருக்கிறதா? 2022 டிசம்பரில் ஆதிதிராவிடக் குழந்தைகள் அடுத்தடுத்து நோயுற்றார்கள். தண்ணீரைப் பாருங்கள் என்று வைத்தியம் பார்த்தவர்கள் சொன்னார்கள். வாலிபர்கள் தொட்டி மேல் ஏறிப் பார்த்தால், குடிக்கும் தண்ணீரில் மனித மலம்! செய்தவர் யார் என்பது வழக்கும் வாதமுமாக நீண்டது. அதற்குள் நாம் போகவில்லை. கவனிக்கவேண்டியது, ‘தண்ணீரைப் பாருங்கள்’ என்ற அந்த ஒரு சொல். மருந்து கொடுத்து அனுப்பிவிட்டிருந்தால் குழந்தைகள் திரும்பவும் அதையே குடித்திருப்பார்கள். அதன் பிறகு கலெக்டர் போனபோது, டீக்கடையில் தனிக் குவளையும், கோயிலுக்குள் விடாத வழக்கமும் வெளியாயின. பேதியைத் தேடிப் போனவர்கள் ஜாதியைக் கண்டார்கள். பொது சுகாதாரம் படிக்கிறவர் ஜாதியைப் பற்றி நமக்கென்ன என்று இருக்க முடியுமா, சொல்லுங்கள்.

இப்பொழுது மாணாக்கர்களிடம் நமக்குள்ள முக்கியமான வழக்கைச் சொல்லிவிடுகிறோம். நீங்கள் வருகிறீர்கள், கேட்கிறீர்கள், எழுதிக்கொண்டு போகிறீர்கள். அது எங்கே போகிறது? இதே பழைய செங்கல்பட்டு ஜில்லாவில், திருவள்ளூர் வட்டாரத்தில், 1968 முதல் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியைச் சோதித்தார்கள். சுமார் 3,60,000 ஜனங்கள் உள்ள வட்டாரம். பதினைந்து வருஷம் கவனித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று முடிவு தெரிந்தது. உலகமே கவனித்த முடிவு. பாதகமான முடிவை மறைக்காமல் வெளியிட்டது பெரிய யோக்கியமான காரியம். ஆனால் வெளியிட்டது இங்கிலீஷ் சஞ்சிகைகளில். கையை நீட்டி ஊசி வாங்கிக்கொண்ட பூண்டிக் கிழவிக்கும் கடம்பத்தூர்க் கிழவருக்கும் யாராவது திண்ணையில் உட்கார்ந்து, ‘நீங்கள் கொடுத்த கையினால் இது தெரிந்தது’ என்று சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! அதற்கும் முன்னே, சேத்துப்பட்டுக் காசநோய் நிலையத்தில் 1956-ல் துவங்கிய சோதனை இன்னும் பெரிது. ஏழை நோயாளி சானடோரியத்திற்குப் போகவேண்டியதில்லை, குடிசையிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமடையலாம், அதனால் குடும்பத்தாருக்கு அபாயம் அதிகமாவதுமில்லை என்று காட்டியது. உலகத்துக்கே பாடம் சொன்னவர்கள் சென்னையின் குடிசைவாசிகள். அவர்கள் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்ததாகச் சொல்லப்படும் ராமானுஜர் ஒரு கதையில் திருக்கோட்டியூர்க் கோபுரத்தின் மேல் ஏறுகிறார். ரகசியமாக வைத்துக்கொள் என்று குரு சொன்ன மந்திரத்தை, நரகம் போனாலும் போகிறேன் என்று ஊரறியக் கூவுகிறார். மந்திரத்தில் நமக்கு நம்பிக்கையில்லை; நரகத்திலும் இல்லை. ஆனால் ஏறிக் கூவினாரே, அது நமக்குப் பிடிக்கிறது. இந்த மண்ணுக்குப் படிக்க வரும் பிள்ளைகளை நாம் மந்திரம் சொல்லச் சொல்லவில்லை. எந்தக் குழாயில் குளோரின் இல்லை, எந்த வீட்டுத் தொட்டியில் கொசுப்புழு, எந்தத் தெருவில் எத்தனை குழந்தைக்கு இந்த மாதம் பேதி என்று நீங்கள் எடுத்த கணக்கை அந்த ஊராருக்கே கூவச் சொல்லுகிறோம். நோயாளியின் பெயரைச் சொல்லவேண்டியதில்லை, சொல்லவும் கூடாது. தெருவையும் தொகையையும் சொன்னால் போதும். இதற்குக் கோபுரம் ஏறவேண்டாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அங்கே பத்து நிமிஷம் போதும்.

கிராமத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கணக்கெடுக்க யாராவது வந்தால் காப்பி கொடுத்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி அனுப்புகிறீர்கள். ‘தம்பி, அம்மா, இந்தக் கணக்கை எந்தத் தேதியில் வந்து எங்களுக்குப் படிப்பீர்கள்?’ என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. அதுபோல அவர்கள் படிக்கும்போது, நமது தெருவைப் பற்றிக் கெட்டதாகச் சொன்னால் கோபித்துக்கொண்டு எழுந்து போவதும் கூடாது.

வசதி என்ன என்று கேட்டதற்குச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். 1999-ல் ஏற்பட்ட தேசிய தொற்றுநோயியல் நிலையம் சென்னை அயப்பாக்கத்தில் இருக்கிறது. அங்கே பொது சுகாதாரத்தில் எம்.பி.எச். பட்டம் உண்டு. அது நடத்தும் இணையவழிப் பாடங்களைக் கட்டணமில்லாமல் கேட்கலாம். பரீட்சை எழுதினால்தான் கட்டணம். இது பட்டதாரிகளுக்கு மட்டும் என்று நினைத்து ஒதுங்கவேண்டாம். இங்கிலீஷ் கொஞ்சம் தட்டுத்தடுமாறி வாசிப்பவர்களும் அகராதியை வைத்துக்கொண்டு கேட்கலாம். நாமே அப்படித்தான் கேட்டோம். காட்டாங்குளத்தூரிலும் பொது சுகாதாரப் பள்ளி இருக்கிறது. அது தனியார், சம்பளம் அதிகம். ஆண் பிள்ளைகள் பலரும் சுகாதார இன்ஸ்பெக்டர் படிப்பை ‘கொசு மருந்து அடிக்கிற வேலை’ என்று கேவலமாக நினைக்கிறார்கள். ஜாதி புத்திதான் இப்படி நினைக்கவைக்கிறது. அழுக்கைத் தொடுகிறவன் தாழ்ந்தவன் என்று ஆயிரம் வருஷம் சொல்லிக்கொடுத்தது, காலேஜுக்குப் போனவுடன் போய்விடுமா?

துண்டுச் சீட்டுகள் நிறைய வந்திருக்கின்றன. ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுகிறோம். ‘வேறு ஊர் மாணவர் கிராம சபையில் பேசலாமா? தலைவர் உட்காரச் சொல்லிவிட்டால் என்ன செய்வது?’ என்று ஒரு பெண் எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி. அந்தக் கிராமத்து ஓட்டர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே கிராம சபையின் அங்கத்தினர்கள். வேற்றூரில் உங்களுக்கு அந்த உரிமை கிடையாது. ஆகவே அங்கே கணக்கைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, அந்த ஊர்ப் பெண் ஒருவர் கையில் கொடுத்து, அவரைப் படிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று சந்தேகத்திற்கு விளக்கம் சொல்லுங்கள். ஆனால் பதினெட்டு வயதாகி உங்கள் பெயர் பட்டியலில் இருக்குமானால், உங்கள் சொந்தக் கிராமத்தில் உங்களை யாரும் அந்நியர் என்று சொல்ல முடியாது. அங்கே முதலில் எடுங்கள். உங்கள் வீட்டுக் குழாயிலும் சோதியுங்கள், காலனிக் குழாயிலும் சோதியுங்கள், இரண்டையும் ஒரே தாளில் எழுதுங்கள். பக்கத்து ஊர் அழுக்கைச் சொல்லுவது சுலபம். தன் தகப்பனார் உட்கார்ந்திருக்கும் சபையில் இந்த இரண்டு எண்களைப் படிப்பதுதான் கஷ்டம். அன்று இரவு வீட்டில் சோறு கிடைக்குமா என்று சீட்டு எழுதிய தோழியருக்கே சந்தேகமிருக்கலாம். கிடைக்காவிட்டால் நமது தோழர்கள் வீடு இந்தப் பக்கத்தில் பல இருக்கின்றன. முகவரி வேண்டுபவர்கள் கூட்டம் முடிந்ததும் தலைவரிடம் வாங்கிக்கொள்ளலாம். செங்கல்பட்டு ரயிலுக்குப் போகவேண்டியவர்கள் இப்பொழுதே புறப்பட்டால்தான் பிடிக்க முடியும்.